ஆறடி ஆள்

தட்டை மூடியிருந்த வெள்ளைத்துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. கணேசமூர்த்தி டாக்டர் அதை இழுத்துவிட்டார். காற்று, என்று சொல்லிக்கொண்டார். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. ஆனாலும் காற்றுதான். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால், காற்றே நேரில் வந்து மறுத்தாலும் மாற்றிக்கொள்கிறவர் அல்லர்.

துணிக்கடியில் கிடந்தது ஒரு வலது பாதம். மஸ்கெலியாவுக்கு மேலே மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தையே விழுங்கியபின், ஓடையில் கிடைத்தது அது மட்டும்தான். தேயிலைத் தோட்டத்து மருந்தறையில் வைத்து டாக்டர் அதை அளந்தார். உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பாதம் என்பது அவர் ஊர் ஊராகப் போய் முழங்கும் சூத்திரம். வகுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஆறடி. இது சின்னராசா இல்ல."

சின்னராசாவின் மனைவி வினோதா வாசலில் நின்றாள். "டாக்டரய்யா, அது எங்க வீட்டுக்காரரு காலுங்க. சுண்டுவிரல்ல மம்பட்டி வெட்டு இருக்கு பாருங்க. குடுத்தீங்கன்னா பொதச்சிருவோம்."

"அவர் என்ன ஒசரம்?"

"என் ஒசரந்தாங்க."

"அஞ்சடி ஆளுக்கு இந்தக் கால் எப்படிம்மா வரும்?"

தொழிற்சங்கத் தலைவர் அழகன் குறுக்கிட்டார். "ஆறடி ஆளு எங்க லயத்துல இருந்தா, தல கூரைக்கு வெளியிலல்ல சார் இருக்கணும்? அப்படி ஒருத்தன் காணாமப் போனா எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாட்டி ஆள் இல்லன்னு ஆயிடுமா? கணக்கு சொல்லுது. இருந்தே ஆகணும். போய்த் தேடுங்க."

சூத்திரம் கொழும்பில் சப்பாத்துப் போட்டு வளர்ந்த மாணவர்களை அளந்து செய்தது. வெறுங்காலோடு மலையேறி விரிந்து, ஓடைத் தண்ணீரில் ஊறிய பாதத்துக்கு அது ஒத்துவராது. டாக்டருக்கு இது தெரியும். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒருத்திக்காகச் சூத்திரத்தைத் திருத்துவதைவிட, இல்லாத மனிதன் ஒருவனை உண்டாக்கிவிடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. வினோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழகனோடு இறங்கிப் போனாள். பாதத்தைக் கொண்டுவந்திருந்த பொலிஸ்காரர்களும் ஆறடி ஆளைத் தேடி அவர்கள் பின்னாலேயே போனார்கள்.

டாக்டரைக் கூட்டிப்போக வேண்டிய வண்டி வரவில்லை. பிற்பகலிலேயே பனி இறங்கி, தேயிலைச் செடிகளையும் பாதையையும் வராந்தாத் தூண்களையும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்க, அறைக்குள் ஸ்பிரிட் வாடைக்கு அடியிலிருந்து புது மண்ணின் ஈர வாடை, யாரோ மெதுவாக மூச்சு விடுவதைப்போல, எழுந்து எழுந்து அடங்கியது.

வராந்தாவில் சத்தம். ஈரக்கால் சிமெந்தில் பதியும் சத்தம். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி அதே சத்தம்.

"யாருப்பா அது? அழகனா?"

 சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் கதவைத் திறந்தார். ஆள் இல்லை. வராந்தா நெடுக ஈரத்தடங்கள். எல்லாமே இடது கால். வலது ஒன்றுகூட இல்லை. வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். டாக்டரோ மண்டியிட்டு நாடாவை விரித்தார். தட்டில் கிடந்த பாதத்தின் அதே நீளம். நெஞ்சு அடித்துக்கொண்ட அந்த நேரத்திலும் அவருக்கு மனம் குளிர்ந்துபோனது.

"பாத்தியா? ஆறடி!" என்றார், யாருமில்லாத பனியிடம்.

அப்புறம்தான் கவனித்தார். தடங்கள் வாசலோடு நிற்கவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒன்று. நிலைப்படிக்கு உள்ளே ஒன்று.

பின்னால் துணி சரிந்தது. தட்டு கிணுங்கியது.

ஒரு காலடி. உடனே இன்னொன்று. இடைவெளி இல்லாமல்.

திரும்பினார். 

சரியாக ஆறடி. மயிரிழை பிசகவில்லை. மண் ஒழுகும் கைகள், மண் ஒழுகும் தோள்கள். அதற்கும் மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், குதிகாலைப்போல வெடித்த வெறும் தோல். உயரத்தைத் தவிர டாக்டர் அதற்கு வேறெதையும் கொடுத்திருக்கவில்லை.

அது குனிந்தது. குளிர்ந்த கட்டைவிரலை அவர் மோவாயில் வைத்தது. மற்ற விரல்களை மெல்ல மெல்ல விரித்து, அவர் நெற்றிவரை சாண் போட்டு, முகத்தை அளக்கத் தொடங்கியது.