தேசிங்கின் விளக்கு

மாலையானதும் வேதவல்லி ஈரத்துணியோடு வாசலுக்கு வந்துவிடுவாள். கதவின் மேல் இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். ஒரே நாளில் உப்புக்காற்று அவற்றின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். தன்னுடையதை ஒரு தடவை துடைப்பாள். புருஷன் தேசிங்கினுடையதை நிதானமாக இரண்டு தடவை துடைப்பாள். கீழே, அந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் ஏழாம் மாடி வரைக்கும் கடல்.

இருப்பு விளக்கு என்று அதற்குப் பெயர். ஆளுக்கு ஒன்று. மீட்புப் படகில் எத்தனை இடமோ அத்தனை விளக்குதான் ஒரு கோபுரத்தில் எரியலாம். ஒன்று அணைந்தால்தான் இன்னொன்றை ஏற்றலாம். காணாமல் போனவரின் விளக்கை மட்டும் வீட்டார் விரும்பும்வரை வைத்திருக்கலாம். அது எரிகிறவரை படகில் அவர் இடம் காலியாகவே போகும். தேசிங்கு வலை போடப் போனது போன தை மாதம். இப்போது ஐப்பசி.

அன்று சங்கு விட்டுவிட்டு ஊதியது. பெரும்புயல். கோபுரத்தையே காலி செய்ய வேண்டும். இருட்டுவதற்குள் கடைசிப் படகு வந்துவிடும்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் பக்கத்து வீட்டு ஆபிதா வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வல்லிக்கா, நீங்க பத்திரமா போங்க. நாங்க வரல."

"இன்னாடி பேசற? உனக்குத்தான் விளக்கு இருக்கே!"

"நிலோபருக்கு இல்லையேக்கா. அவள விட்டுட்டு எப்படிப் போவேன்?"

நிலோபர் அவள் தங்கை. மூழ்கிப்போன வேறொரு கோபுரத்திலிருந்து உயிர் தப்பி வந்தவள். தனக்கென்று ஒரு விளக்கைச் செய்து முடித்தும் ஏற்ற அனுமதியில்லாமல் வைத்திருந்தாள். தேசிங்கின் இடத்தைத் தரச் சொல்லி ஆபிதா கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது வேதவல்லி கோபித்துக்கொண்டிருக்கலாம்.

அணைத்துவிட்டால்? நாளைக்கே அந்த மனுஷன் வந்து நின்றால்? விளக்கில்லாதவன் இங்கே செத்தவன்.

"பாவி மனுஷா, என்னை இப்படி ஒரு இடத்துல கொண்டாந்து நிறுத்திட்டியே!" என்று கதவைப் பார்த்துத் திட்டினாள். பிறகு வயர் ஒட்டும் சாலிடர் கோலைச் சூடேற்றினாள்.

முதலில் பாட்டரியைக் கழற்றினாள். தேசிங்கின் வீட்டில் அது சட்டம். அவன் விளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியைத் திரும்ப மாட்டினாள். அவளுடையதும் எரியவில்லை. ஐயோ என்றிருந்தது. படகு வரும்போது வாசல் இருட்டாக இருந்தால் அவளுக்கும் இடமில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் கையால் விளக்கு பூட்டுவது கோபுரத்து வழக்கம். எல்லோரும் தனித்தனியாகத்தான் கம்பி இழுப்பார்கள். இந்தக் கஞ்சன் மட்டும் மின்சாரம் மிச்சமென்று இரண்டையும் ஒரே சரமாகக் கோத்திருந்தான். "உன் வழியாத்தான் எனக்கு வரணும் புள்ள" என்று சிரிப்பு வேறு.

பாட்டரியை மறுபடி கழற்றி, அறுந்த இடத்தில் ஒரு வயர்த்துண்டை வைத்து ஒட்டப் போனாள்.

"அக்கா, வேணாம்!" நிலோபர் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அண்ணன் விளக்கு பாதி வோல்ட்டத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நேரா ஒட்டினா மொத்தமும் உங்களுது மேல பாயும். கொஞ்ச நேரம் பளிச்சுனு எரிஞ்சிட்டுக் கருகிடும். மிச்ச வோல்ட்டத் தாங்கப் பெரிய ரெசிஸ்டரா போடணும். இருக்கா?"

"எங்கிட்ட ஏதுடி?"

"என் விளக்குல இருக்கறதக் கழட்டித் தரேன்."

"போடி பைத்தியம்" என்று வேதவல்லி விளக்குகளின் பாட்டரிப் பெட்டியைக் கவிழ்த்தாள். மூடியின் உள்பக்கம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பிய்த்தாள். அதற்கடியில் ஒரே ஒரு ரெசிஸ்டர்.

நிலோபர் அதன் வண்ணக் கோடுகளைப் பார்த்தாள். "ஒத்தை விளக்குக்குச் சரியான அளவுக்கா."

கல்யாணத்தன்றே ஒட்டி வைத்திருக்கிறான். இருவரில் ஒருவர் தனியாக நிற்கும் நாள் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் என்பதுதான் தெரிந்திருக்காது. வேதவல்லி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பற்றவைத்தாள். விளக்கு எரிந்தது, எப்போதும் எரிகிற அதே அளவில். அடுத்த வாசலில் நிலோபருடையதும் எரிந்தது.

படகில் காவலர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இது தேசிங்கோட இடமாச்சே? யாரும்மா இந்தப் பொண்ணு?"

"அவரு செத்துட்டாருங்க" என்றாள் வேதவல்லி. தை மாதத்திலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "இவ உக்காரட்டும்."

நிலோபர் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.