நாற்பத்திரண்டாவது நிமிடம்

வீடியோ முடிந்துவிட்டது. படம் மட்டும் நிற்கவில்லை.

கல்யாண வீடியோக்களை எடிட் செய்தே காலம் தள்ளுகிறவள் அவள். ஒரு காட்சி எங்கே முடியவேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். ஐந்து நாளைக்கு முன்பு, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் அவளுடைய கர்ப்பப்பையிலிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். பையையே எடுத்துவிடலாம் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியும் கேட்காமல், மூன்றாவதாக ஒருவரைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றிக்கொண்ட பை. ஒரு பிள்ளை வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பென்டிரைவைத்தான் மதிய வெயிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் படத்தையும் எடிட் பண்ணப் போறியா?" என்று கிண்டலடித்துவிட்டுக் கணவன் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தான்.

நாற்பத்திரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. கட்டி போயிற்று, தையல் போட்டாயிற்று, கருவிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. நாற்பத்திரண்டு நிமிடம் தாண்டியும் கேமரா மட்டும் அங்கேயே நின்றது. ஈரம் மினுங்கும் இளஞ்சிவப்புச் சுவர்களுக்கு நடுவே, தையலோடு அவளுடைய கர்ப்பப்பை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் விசிறியின் முனகலும் வயிற்றில் போட்டிருந்த கட்டுத்துணியிலிருந்து வரும் மருந்து வாடையும் அறையை நிறைத்தன. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பென்டிரைவ் வந்த உறையின் மேல் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் எடுத்தான்.

"கேமராவ வெளிய எடுக்கறப்ப மேல இருக்கற லைட்டு ஒரு செகண்டு தெரியும்க்கா. அதோட முடிஞ்சிடும்."

"லைட்டே வரல. இன்னும் ஓடுது."

"ஓடாதுக்கா. நிறுத்தினதே நான்தான்." கொஞ்சம் தயங்கினான். "தோள் வலிக்குதா?"

"வலிக்குது."

"வயித்துல ஏத்தின கேஸுதான். ரெண்டு மூணு நாள்ல போயிடும்."

"அஞ்சு நாளாச்சே."

போன் கட்டாகிவிட்டது.

திரையின் ஓரத்தில் தேதி இருந்தது. அதை அவள் இதுவரை கவனிக்கவில்லை. இன்றைய தேதி. மணி இரண்டு பதினேழு. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பதினேழு.

பென்டிரைவைப் பிடுங்கினாள். படம் போகவில்லை.

மூச்சை அடக்கினாள். திரையில் அசைவு நின்றது. மூச்சை விட்டாள். மறுபடி ஏறி இறங்கியது. எழுந்து ஓடலாம். எங்கே ஓடுவது? எங்கே போனாலும் அது கூடவே வரும்.

விரலால் தொப்புளுக்குக் கீழே லேசாக அழுத்தினாள். திரையில் மேற்சுவர் குழிந்தது. விரலை எடுத்தாள். குழி நிமிர்ந்தது.

அப்போது ஓரத்திலிருந்து ஓர் இடுக்கி உள்ளே வந்தது.

அவசரமே இல்லை. தையலைத் தடவிப் பார்த்தது. ஒரு நூலை அவிழ்த்தது. அடுத்ததை அவிழ்த்தது.

"வேண்டாம்," என்றாள். "அத மட்டும் விட்டுடு."

இடுக்கி நின்றது. கேட்டுக்கொள்வதுபோல நின்றது. பிறகு வாயைத் திறந்து, கர்ப்பப்பையின் விளிம்பைக் கவ்வி, இழுத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். தொப்புளின் மேலிருந்த கட்டுத்துணி, மெதுவாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.