ஹார்லன் ஒட்டிய புகைக்குழாய்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த சரிவில் நிற்கும் பழைய மரவீட்டின் புது உரிமையாளரும், தெருவாசிகள் சங்கத் தலைவருமான ஹார்லன் ஓஸ்பி, வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலையின் துருப்பிடித்த புகைக்குழாயைத் தம் பொற்கரங்களாலேயே பழுதுபார்க்கத் திருவுளம் கொண்டுவிட்டார்.

அறிவிப்பைக் கேட்ட சகல ஜனங்களும் ஒரே ஒருத்திதான். அவர் மனைவி லோர்னா. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆளைக் கூப்பிடலாமே, ஹார்லன்."

"ஒரு தகரக் குழாய்க்கு ஆளா? எங்கப்பா ஒரு வீட்டையே தன் கையால கட்டினாரு!"

"ரெண்டாவது வருஷமே சாஞ்சு போச்சே, அந்த வீடா?"

நாளை குடும்பமெல்லாம் கூடி வான்கோழி தின்னும் நன்றி நாள் விருந்து. மகள் கிரெட்டா இன்று மாலையே கைக்குழந்தையோடு வந்துவிடுவாள். தொட்டில் போட்டிருப்பது மாடியறையில், புகைக்குழாய் போகும் பரணுக்கு நேர் கீழே. ஒரு வாரமாக அந்த அறையில் சற்று உட்கார்ந்தாலே லோர்னாவுக்குத் தலை வலித்தது. மூச்சில் ஏறி உடம்பைச் சிவக்கவைத்தே கொல்லும் உலையின் விஷவாயு கசிந்தால் கத்துவதற்கென்று சுவரில் மாட்டிய அலாரம், திங்களன்று கடமை தவறாமல் கத்தியது. ஃபுட்பால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று ஹார்லன் அதன் பேட்டரியைப் பிடுங்கி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார்.

இந்த வீட்டில் முன்பிருந்த ஆர்விட் கிழவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கன்னம் ரோஜாவாய்ச் சிவந்து செத்துக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். கடைசிவரை எந்த வேலைக்கும் ஆள் வைக்காத மனிதர் என்று அக்கம்பக்கத்தார் பெருமையாய்ச் சொன்னார்கள். அந்தத் தெருவில் பெருமைக்குப் பஞ்சமே இல்லை.

லோர்னா உலையை அணைத்துவிட்டு, பரணுக்கு ஏறிய ஹார்லனை டார்ச்சோடு ஏணியில் பின்தொடர்ந்தாள்.

பரண் இருட்டாக இருந்தது. பகல் இரண்டு மணியின் வெளிச்சம் கூரை இடுக்கில் ஒரு நூலாக வந்து, அதற்கு மேல் வர மனமில்லாமல் நின்றது. எலி நாற்றம், ஈரப் பஞ்சின் நெடி, அவற்றுக்கடியில் நாக்கில் ஒட்டும் துருவின் வாடை. ஏரிக்காற்று கூரையை ஒருமுறை அழுத்தி, விட்டது. நடுவில் புகைக்குழாய், சொறி பிடித்தாற்போல் வெள்ளை பூத்து, விரல் நுழையும் ஓட்டைகளோடு நின்றது. அதன்மேல் ஏற்கெனவே யாரோ பழுப்புத் துணி டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

"எந்த முட்டாப்பய வேலை இது?" என்றார் ஹார்லன், கணீரென்று.

இருட்டில் யாரோ இருமினார்கள்.

ஹார்லன் காதில் விழவில்லை. அவர் காதில் அவர் குரலைத் தவிர எதுவும் விழுந்ததில்லை. பழைய டேப்பை உரித்துப்போட்டு, பளபளக்கும் வெள்ளி டேப்பைச் சுற்றலானார்.

"இழுத்து ஒட்டு," என்றது ஒரு கிசுகிசுப்பு.

"எனக்குச் சொல்லித் தராதே, லோர்னா!"

லோர்னா வாயே திறக்கவில்லை.

டார்ச்சை உயர்த்தினாள். ஹார்லனின் இடக்கை குழாயைப் பிடித்திருந்தது. வலக்கையில் டேப் சுருள்.

டேப்பின் சுருக்கத்தை மெல்லத் தடவி நீவியது மூன்றாவது கை.

நகங்கள் ரோஜாவாய்ச் சிவந்திருந்தன.

"இறங்கு, ஹார்லன்."

"இரு, இன்னும் ஒரு சுத்து..."

அவர் காலைப் பிடித்து இழுத்தே இறக்கினாள். "உனக்கு உயரம்னா பயம்," என்று ஹார்லன் தீர்ப்பு வழங்கினார். லோர்னா ஆளுக்குப் போன் செய்தாள். பழுதுபார்ப்பவர் வந்து பழைய குழாயைப் பெயர்த்துப் பனியில் வீசிவிட்டுப் புதுக் குழாய் மாட்டினார். ஏணிக்குக் கீழே கைகட்டி நின்ற ஹார்லன் ஆலோசனைகளை வாரி வழங்கினார். ஒன்றையும் வந்தவர் வாங்கிக்கொள்ளவில்லை. ரிமோட்டிலிருந்த பேட்டரி அலாரத்துக்குத் திரும்பியது. அன்றிரவு குழந்தை தூங்கியது. லோர்னாவுக்குத் தலைவலி இல்லை.

மறுநாள் பகல். வான்கோழி மேசைக்கு வந்துவிட்டது. வீட்டைத் தன் கையால் காப்பாற்றும் ஆண்கள் அருகிவருவது குறித்து ஹார்லன் கத்தியும் கையுமாய்ச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே, சர்ர்ர்ர்.

சுருளிலிருந்து டேப் கிழிபடும் ஓசை.

பிறகு, கட்டைவிரல் எதையோ நிதானமாக நீவும் ஓசை.

"எலியாம்மா?" என்றாள் கிரெட்டா.

"குழந்தையைத் தூக்கிட்டு வாசல்ல நில்லு," என்று லோர்னா ஏணியை நோக்கி ஓடினாள். கழுத்தில் துண்டோடு ஹார்லனும் ஏறினார்.

புதுக் குழாய் அடி முதல் நுனிவரை பழுப்புத் துணி டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு ஈரக் கைத்தடம், சூட்டில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. தரையின் தூசியில் நேற்றைய காலடிகளைத் தவிரப் புதுத் தடம் ஒன்றும் இல்லை. மூலையிலிருந்து இருமல் கேட்டது, வேலை முடித்தவனின் திருப்தியான இருமல்.

வாழ்நாளில் இந்த ஒரு முறையாவது இவர் பயப்படுவார் என்று லோர்னா கணவர் முகத்தைப் பார்த்தாள்.

ஹார்லன் 'த்சொ' கொட்டினார்.

"கோணலா சுத்தியிருக்கான், மடையன்." சட்டைப்பையிலிருந்து தம் வெள்ளிச் சுருளை எடுத்தார்.

லோர்னா விடுவிடுவென்று இறங்கினாள். மேலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"இழுத்து ஒட்டு."

"எனக்குச் சொல்லித் தராதே!"

இருவரும் போட்டிபோட்டு ஒட்டிய அந்தப் புதுக் குழாயில் ஓட்டையே கிடையாது.