இராமையாவின் கண்ணும் கோப்பிப் பழமும்

"கண்ணு என்ன பொடனியிலயாடா இருக்கு?"

கங்காணி ராஜலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சரிவில் பறித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இராமையாவின் சாக்கு தரையில் கவிழ்ந்து கிடந்தது. கொட்டியதில் பாதி சிவந்த கோப்பிப் பழம், பாதி பச்சைக் காய்.

பச்சைக் காய் ஆலையில் தோல் உரியாது. அதற்காகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கங்காணியைத் திட்டுவார். கங்காணி இராமையாவைத் திட்டுவார். இராமையா யாரைத் திட்டுவான்? அவனுக்கு ஒன்பது வயதுதான்.

"நாளைக்கும் பச்சைக் காய் இருந்துச்சுன்னா, கம்பளைப் பக்கம் ரோட்டு வேலைக்கு அனுப்பிடுவேன். அங்க ஆத்தாளும் கெடையாது, அக்காளும் கெடையாது. தனியா கல்லு சுமந்துகிட்டு கெட."

இத்தனைக்கும் இந்தக் கங்காணி யார் தெரியுமா? சொந்தத் தாய்மாமன். அம்மா வீரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். கடல் தாண்டி இவர்களைக் கண்டி மலைக் கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். மாமனாம் மாமன்! எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நின்ற அக்கா வேலாயிக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர்கள் குடியிருந்த லயத்து அறைக்கு வந்ததும் அவள் தம்பியின் மேல்தான் பாய்ந்தாள்.

"ஏண்டா, வேணும்னே பண்றியா?"

"இல்லக்கா. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது."

"பொய் சொல்லாத."

அடுப்படியிலிருந்து ஒரு பச்சை மிளகாயையும் ஒரு பழுத்த மிளகாயையும் எடுத்து வந்து நீட்டினாள். "எது பழம், சொல்லு."

இராமையா குனிந்து பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். தலையைச் சாய்த்தும் பார்த்தான். கடைசியில் பச்சையைக் காட்டினான். "இது. ஆனா கடிச்சுப் பாக்க மட்டும் சொல்லாதக்கா."

வேலாயிக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது. இவன் சோம்பேறியும் இல்லை, திமிர் பிடித்தவனும் இல்லை. இவனைப் போய் எல்லாரும் இத்தனை நாள் திட்டினோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். நம் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களால், அதாவது செல்களால் ஆனது. ஒவ்வொரு வகைக் கலத்துக்கும் ஒரு வேலை. கண்ணுக்குள் இருக்கும் சில கலங்களுக்கு நிறம் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்ற குறிப்பு கலத்தின் நடுவே கருவில் இருக்கிறது. அது அம்மா அப்பாவிடமிருந்து வருகிறது. குறிப்பில் ஒரு பிசகு இருந்தால் சிவப்பும் பச்சையும் குழம்பிப்போகும். அம்மாவின் கண் நன்றாகவே இருக்கும். ஆனாலும் அந்தப் பிசகு அவள் வழியாக மகனுக்கு வந்துவிடலாம். கண்டிக்கு ரயில்கூட வராத அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாருக்கு இது தெரியும்? திட்ட மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் வேலாயி கோப்பிச் செடிக்கு முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். காய் கல்லுமாதிரி இருந்தது. பழம் மெத்தென்று அமுங்கியது.

"தம்பி, கண்ண விட்டுடு. விரலால பாரு."

இராமையா பறிக்கத் தொடங்கினான். மெதுவாகத்தான். ஆனால் சாக்கில் விழுந்ததெல்லாம் பழம். அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்து சேர்ந்தார்.

"என்னடா தடவிக்கிட்டு நிக்கிற? இது பழமா, பூனக்குட்டியா? கண்ணால பாத்துப் பற. இல்ல, இப்பவே ரோட்டு வேலைக்குக் கெளம்பு."

"அண்ணே, சின்னப் புள்ளண்ணே" என்று வீரம்மா ஓடி வந்தாள். அவர் கேட்கவில்லை. இராமையா பயந்துபோய் அக்காவைப் பார்த்தான்.

வேலாயி வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். திட்டிக்கொண்டே கங்காணி அவளுடைய சாக்குக்குள் கைவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். பார்வை எங்கேயோ இருந்தது. விரல்கள் மட்டும் ஒவ்வொரு பழமாக அழுத்திக்கொண்டிருந்தன.

அவள் ஒரு பழத்தையும் ஒரு காயையும் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரிடம் நெருங்கிப் போனாள்.

"மாமா, இதுல எது பழம்? தொடாம சொல்லுங்க."

கங்காணியின் கை நீண்டது. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

நானாக இருந்தால் மலையே கேட்கும்படி கத்தியிருப்பேன். வேலாயிக்கும் ஆத்திரம் நெஞ்சுமுட்ட இருந்தது. ஆனால் மாமாவின் முகத்தில் தம்பியின் பயம் அப்படியே தெரிந்தது. அவள் கையை மூடிக்கொண்டு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவனுக்கு ஒங்க கண்ணுதான் மாமா வந்திருக்கு. நீங்களே வெரட்டினா அவன் எங்க போவான்?"

கங்காணி யாருக்காவது கேட்டுவிட்டதா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "எப்பிடியோ பறிக்கட்டும். அந்திக்கு வந்து சாக்கப் பாக்குறேன்."

அந்திக்கு இராமையாவின் சாக்கைக் கொட்டினார். அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு பச்சைக் காய்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் அவர் வாயில் வராது. "நாளைக்கும் ஒனக்கு இங்கதான் வேல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த கறுப்பையா சிரித்தான். "பழத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறான் பாரு."

"எவன்டா சிரிச்சது?" கங்காணி அங்கிருந்தே கத்தினார். "அவன் சாக்கப் பாரு, ஒன் சாக்கப் பாரு. வாயப் பொத்திக்கிட்டுப் பறிடா."

மாமா கத்துவதைக் கேட்க அன்றைக்குத்தான் வேலாயிக்கு முதல்தடவையாக இனித்தது.