அரை நூல்

முந்தின நாள் மாலை கார்க் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அவர் செருகிவைத்த மூன்று மரத்துண்டுகளும் காலையில் தரையில் கிடந்தன. தாமாக விழும்படி அவர் எதையும் செருகுகிறவர் அல்ல. குனிந்து எடுத்தபோது மூன்றும் ஈரமாக இருந்தன, மூன்றின் நுனியும் நசுங்கியிருந்தது. ஒன்றரை நூல் விட்டிருந்த இடைவெளி அரை நூலாகக் குறைந்திருந்தது. இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு தரம் பார்த்தார். அரை நூல்தான்.

அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். ஃபைபர் தகடு வெயிலில் கொஞ்சம் ஊதும், அடிபட்டால் வளையும். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பெனிக்காரனே கதவைச் சுற்றி ஒன்றரை நூல் விட்டிருப்பான். இவருக்கு அது பிடிக்காது. ஓட்டைப் பல்லைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பார். கதவின் ஓரத்தில் இன்னொரு அடுக்கு ஃபைபர் ஏற்றி, நாள்கணக்கில் தேய்த்து, அரை நூலுக்குக் கொண்டுவந்துவிடுவார். தொழிலில் அவருக்கு அரைநூல் என்றே பெயர் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் பட்டறைத் தெருவில் யாருக்கும் தெரியாது.

"அப்பா, உங்க கேப்புக்குள்ள ஒரு எறும்பு போகணும்னாகூட ரெண்டு நாள் பட்டினி கிடந்துட்டுத்தான் வரணும்" என்பாள் மகள்.

இரண்டே இருக்கைகள் உள்ள இந்தச் சிவப்பு வண்டி அவளுடையது. துருப்பிடித்த சட்டமாகக் கிடந்ததைக் கொண்டுவந்து, அப்பாவும் மகளுமாக நான்கு வருடம் உட்கார்ந்து கட்டினார்கள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், ஏரிக்கரை வளைவில் வழுக்கி, தடுப்புக் கல்லில் மோதி, அவளோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஆழம் ஓர் ஆள் உயரம்தான். கண்ணாடி இறங்காத வகை, கதவோ திறக்கவில்லை. கிரேன் கட்டித் தூக்கியபோது கதவும் மட்கார்டும் நொறுங்கிவிட்டதால், ஏன் திறக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடி பலம் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அவரால் மூட முடியவில்லை. அடி பலம் என்றால் எந்தக் கதவாக இருந்தாலும் சிக்கியிருக்கும். அடி லேசு என்றால், கம்பெனி விட்ட ஒன்றரை நூலில் கதவு திறந்திருக்கும். அவருடைய அரை நூலில்தான் சிக்கியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. பழைய அச்சிலேயே, சிவப்பு கலந்து, புதுத் தகடுகள் வார்த்தார், கம்பெனி அளவில். மட்கார்டை அதன் இடத்தில் நிறுத்தினால், அதிலுள்ள துளையும் சட்டத்திலுள்ள துளையும் எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுதான் அன்று விழுந்த அடி மட்கார்டைக் கதவின் பக்கம் தள்ளிய தூரம். மகளின் ஞாபகமாக வண்டியைப் பழையபடி ஆக்குகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார்.

மட்கார்டு அசையவில்லை, பிடித்த பிடியில் நின்றது. கதவின் கீலும் சரியாக இருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினார். தடித்திருந்தது. யாரோ ஓர் அடுக்கு கூடுதலாக ஏற்றியதுபோல், அவர் கை ஏற்றியதுபோல் அத்தனை சீராக. வெயிலுக்கு ஊதியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். காய்ந்த தூசியாக உதிர வேண்டியது, குழைந்து, பச்சையாக விரலில் ஒட்டியது. ரெசின் நெடி மூக்கை அரிக்கும், வீட்டை ஒட்டிய அந்தக் கொட்டகையில் இன்று பாசி வாடைதான் அடித்தது.

மனைவி டீ கொண்டுவந்தாள். வாசலைத் தாண்டி அவள் ஒருபோதும் வருவதில்லை.

"என்னங்க, தரையெல்லாம் ஏன் தண்ணியா இருக்கு?"

"மழைச் சாரலா இருக்கும்."

"மழை இன்னும் வரவே இல்லையே."

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் சற்று நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூசி படாமலிருக்கக் கண்ணாடிகளுக்கெல்லாம் உள்ளும் புறமும் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியாது.

"அவ சீட்டை மட்டும் மாத்திடாதீங்க. அவ வாசனை அதுலதான் கொஞ்சம் இருக்கு."

தண்ணீரில் ஊறிக் கிடந்த இருக்கையில் என்ன வாசனை இருக்கும்? அவர் தலையாட்டினார். அவள் டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

தேய்த்து முடித்துக் கதவைச் சாத்தினார். ஒன்றரை நூல். பிறகு பழக்கத்தில், விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். ஃபைபருக்குள் காற்று தங்கியிருந்தால் சத்தம் மந்தமாகும், அதற்காகத் தட்டிப் பார்ப்பது. டொக். டொக். கைப்பிடிக்குக் கீழே தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது.

எதிரொலிதான். கையை எடுத்துவிட்டார்.

எட்டு வயதிலிருந்து மகள்தான் அவருக்கு உள்ளே உட்கார்ந்து பார்ப்பவள். பட்டறை இரைச்சலில் கத்தினால் கேட்காது என்று அவர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. உள்ளிருந்து ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் எங்கோ உரசுகிறது. மூன்று என்றால் திற, வெளியே வரணும். விசாரணையில், கரையில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் சொன்னார்: "தண்ணிக்குள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. மூணு மூணா. ரொம்ப நேரம்." எழுதிக்கொண்டவருக்கு அது வெறும் சத்தம். இவருக்கு அது திற என்ற சொல். ஏழு மாதமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மற்ற சத்தங்கள் எல்லாம் அமுங்கின, அது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இனித் தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, மட்கார்டின் துளை வழியாகச் சட்டத்துத் துளையைப் பார்த்தார். பெரிதாக விலகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். நாலு நூல், அஞ்சு நூல் விலகியிருந்தால் போதும், அடி பலம் என்று ஆகிவிடும், அவர் எழுந்து போய் மனைவியின் மடியில் தலைவைத்து அழுதுவிடுவார். ஸ்கேலை வைத்தார்.

ஒரு நூல்.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒரு நூல்தான், மயிரளவும் கூடவில்லை. ஒன்றரையில் ஒன்று போனால் அரை மிச்சம் இருக்கும், கதவு திறக்கும். அரையில் ஒன்று எப்படிப் போகும்?

அங்கேயே படுத்துக் கிடந்தார். முதுகுக்குக் கீழே ஈரம் பரவுவது தெரிந்தும் எழவில்லை. நான்தான் கொன்றேன் என்று மனதுக்குள் சொன்னபோது அது புதிய செய்தியாகவே இல்லை. ஊரில் அத்தனை பேரும் மெச்சிய கை. தன் பிள்ளையின் வண்டிக்கென்று மற்றவர்களுக்குச் செய்ததைவிட ஒரு பிடி கூடுதல் அக்கறையாக, பதினோரு நாள், அவர் தேய்த்த கதவு.

டொக். டொக்.

தலைக்கு மேலே, கதவில். இரண்டு.

மழைச் சத்தத்துக்கு நடுவில் தெளிவாகக் கேட்டது. ஃபைபரின் உட்பக்கத்தில் முட்டி படும் சத்தம் அவருக்குத் தெரியாததா?

"எங்கம்மா உரசுது?" என்று கேட்டுவிட்டார். எத்தனையோ வருடப் பழக்கம்.

டொக். டொக். டொக்.

எழுந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி திரும்பியது, கதவு வரவில்லை. இடைவெளியில் ஸ்கேலைச் செருகி மேலிருந்து கீழே இழுத்தார். பாதியில் நின்றது. பிடுங்கினால் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு ஒடுங்கியது. அரை நூல். கால் நூல். காகிதம் நுழையும் அளவு. ஸ்கேல் இருந்த இடத்தில் அதன் முனை மட்டும் சிவப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது.

டொக். டொக். டொக்.

"என்னங்க."

வாசலில் மனைவி. நனைந்திருந்தாள். முதல் தடவையாக வாசலைத் தாண்டி வந்தாள்.

"ஒண்ணுமில்ல, நீ உள்ள போ."

"மூணு தட்டினா திறன்னுதானே அர்த்தம்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் தூண்டில்கார மனுஷன் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "பேசிக்கிட்டு நிக்காதீங்க. பிள்ளை தட்டுறா. திறங்க."

சுத்தியலை எடுத்து அடித்தார். ஒரு சில்லு பெயர்ந்தது. அடியில் அதே சிவப்பு. மறுபடி அடித்தார். அதற்கடியிலும் சிவப்பு. அடுக்கு. இன்னொரு அடுக்கு. எல்லாம் அவர் கை தேய்த்ததுபோல் வழவழவென்று. கண்ணாடியில் அடித்தார். கீறல்கூட இல்லை. உள்பக்கத்துக் காகிதம் கீழிருந்து நனைந்து கறுத்துக்கொண்டே மேலே வந்தது. பாதி. முக்கால். கூரை மட்டம்.

தட்டும் சத்தம் மெதுவாகியது. மூன்று. இடைவெளி. மூன்று.

மனைவி வெளிப்பக்கத்துக் காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே ஒட்டியிருந்தது தானாக ஊறிப் பிரிந்து மிதந்து போனது. பச்சைத் தண்ணீர். அதில் ஒரு கூந்தல், ஓரமாக அசைந்துகொண்டு.

அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவு இருந்த இடத்தைத் தடவினார். மேலே, கீழே, மட்கார்டு வரைக்கும். நகம் மாட்ட ஓர் இழை கிடைக்கவில்லை. வண்டி முழுக்க ஒரே வார்ப்பாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளுத்து ஊறிய ஐந்து விரல்கள், அவர் கை போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்து, அதே இடைவெளியைத் தேடிக்கொண்டிருந்தன.