ஓய்வுக்குப் பின் அவருக்குரியது

செவ்வாய்க் குடியிருப்பின் பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், நாலு பேர் பேசுவார்கள். இனிப்பும் காரமும் காப்பியும் முடிந்ததும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், இடது காதுக்குப் பின்னால் முடியை மழித்து, நினைவேட்டைக் கழற்றிக்கொள்வார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரிதான். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அம்பலவாணன் நினைத்தார்.

நினைவேடு ஓர் அரிசி அளவுள்ள கருவி. வேலையில் சேரும் அன்றே பல்கலைக்கழகம் பொருத்திவிடும். அதன்பிறகு பார்ப்பதும் கேட்பதும் அதில் பதியும். வேண்டும்போது கண்முன் வரும்; வேலைத் தாள்களைப் படிப்பதும் திருத்துவதும் பதில் எழுதுவதும்கூட அதிலேயே, மனத்தால். எல்லாவற்றையும் ஏடே வைத்துக்கொள்வதால் மூளை தன் பங்குக்குச் சேர்த்துவைப்பதை நிறுத்திவிடும். கழற்றிய பிறகு முகங்களும் பெயர்களும் தங்கும். மற்றதெல்லாம் போய்விடும்.

நிலத்தடிப் பனி ஆய்வுத் துறையில் அவருக்கு முப்பத்தாறு வருட வேலை. ஒரே மகள் ஆதிரை பிறந்தது அதற்குள். நுரையீரலில் செம்மண் தூசி படிந்து, பதினோரு வயதில் அவள் இறந்ததும் அதற்குள்தான்.

"பென்ஷன்ல பாதிய வேணும்னாலும் எடுத்துக்கட்டும். என் பொண்ண மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார், ஓய்வூதியர் சட்ட உதவி மையத்தில்.

வழக்கறிஞர் ரெஜினா சின்ன வயதுக்காரி. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"பென்ஷன யாரும் தொட முடியாது சார். எங்களுக்கும் நீங்க ஒண்ணும் தர வேண்டாம், ஓய்வு பெற்றவங்களுக்கு இது இலவசம். மொதல்ல கழற்றுறதுக்குத் தடை வாங்குவோம்."

வழக்கு எட்டு மாதம் நடந்தது. கருவி எங்களுடையது, அதில் இருப்பதும் எங்களுடையது என்றது பல்கலைக்கழகம். ரெஜினா வேறு வழியில் போனாள். ஒவ்வொரு கணமும் மனிதரின் கவனம் எதன்மேல் இருந்தது என்பதையும் ஏடு குறித்துவைக்கிறது. வேலையில் கவனம் இருந்த நேரம் பல்கலைக்கழகத்துக்கு; மகள்மேல் கவனம் இருந்த நேரம் தகப்பனுக்கு. அப்படிப் பிரித்துக் கொடுங்கள் என்று வாதாடினாள். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது.

அம்பலவாணன் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தார். அவர் மனைவி வடிவு குடியிருப்பின் தக்காளிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கு ஏடு கிடையாது.

"பதினோரு வருஷம் வடிவு! அத்தனையும் நம்மகிட்டயே வந்துடும். உட்கார்ந்து ரெண்டு பேரும் பார்க்கலாம்."

வடிவு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நினைவுகளைப் பிரிக்கும் வேலையை ஓர் இயந்திரம் செய்தது. ஒரு வாரம் கழித்து ரெஜினா அவரை அழைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நாற்பத்தோரு நிமிஷம் சார்."

"ஒரு நாளைக்கா?"

"மொத்தமா."

அவர் சிரித்தேவிட்டார். "இயந்திரத்துல கோளாறு இருக்கும்மா. நான் தினமும் வீட்டுலதான் சாப்பிட்டேன். அவள் பிறந்தநாள் ஒண்ணுக்குக்கூட வெளியூர் போனதில்ல."

ரெஜினா ஏழாவது பிறந்தநாளைத் திறந்து காட்டினாள். கேக் வெட்டி, ஆதிரை அவர் வாயில் ஊட்டுகிறாள். அவர் மெல்லுகிறார். அவர் கண்ணின் ஓரத்தில் ஒரு மாணவனின் ஆய்வேடு விரிந்திருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்துகிறார்.

"அடுத்தது வேண்டாம் சார்" என்றாள்.

"காட்டு."

மருத்துவமனை. கடைசி நாள் பிற்பகல். குழந்தையின் கை அவர் கைக்குள் இருந்தது. "அப்பா" என்றாள். கொஞ்சம் விட்டு, மறுபடி "அப்பா" என்றாள். அவர் அப்போது தன் கட்டுரையைக் குறைசொன்ன ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். இயந்திரம் அந்தப் பிற்பகலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது.

ரெஜினா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "மேல்முறையீடு போடலாம். நல நிதியிலேர்ந்து செலவுக்கும் உதவுவாங்க."

"என்னன்னு சொல்லிப் போடறது?"

ரெஜினா திரையை அணைத்தாள்.

மறுவாரம் ஏட்டைக் கழற்றினார்கள். நாற்பத்தோரு நிமிடத்தையும் ஒரு சின்னத் திரையில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பே அவர் பார்த்து முடித்துவிட்டார். ஓரிடத்தில், "நான் பாடினது நல்லா இருந்துச்சாப்பா?" என்று ஆதிரை கேட்டாள்; பாட்டு அதில் இல்லை. பிறகு அடுக்களைக்குப் போய் வடிவின் பக்கத்தில் நின்றார்.

"ஆதிரை ஏதோ பாடுவாளாமே, வடிவு. எப்படிப் பாடுவா? கொஞ்சம் சொல்லேன்."

வடிவு திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"தினமும் சாப்பிடும்போது பாடுவாளே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"