முன்பாய் சுருண்ட மாலை

“பிஸ்கட்ட நீயே முடிச்சிடாத அக்கா, எனக்கு ரெண்டாச்சும் வை” என்று சொல்லிவிட்டுத் தம்பி ஸ்க்ரூடிரைவரோடு படகின் முன்முனைக்குப் போனான்.

“முதல்ல வேலைய முடிடா, அப்புறம் தின்னலாம்” என்றாள் அக்கா, வாய் நிறைய பிஸ்கட்டோடு.

படகு கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நின்றது. பின்பக்கப் பலகையில் அவள், முன்முனையில் அவன், நடுவே வெள்ளைச் சுவர்போல் விரிந்த முன்பாய். பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால், முன்முனையில் உள்ள உருளை சுழன்று, பாய் தன் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ள வேண்டும். ஆனால் கயிறு உருளைமேல் ஏறுமாறாகப் படிந்து, ஒவ்வொரு முறையும் பாதியில் சிக்கி உயிரை வாங்கியது. அது நேராக உள்ளே போகும்படி, கயிறு நுழையும் வளையத்தைத் தாழ்த்திப் பூட்டத்தான் அவன் போயிருந்தான். பாய் படபடக்கும் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் கயிற்றை இரண்டு முறை சுண்டினால் இழு, ஒரு முறை என்றால் நிறுத்து என்று பேசி வைத்திருந்தார்கள்.

கயிறு இரண்டு முறை சுண்டியது. இழுத்தாள்.

சிக்கவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. எண்ணெயில் ஊறியதுபோல் கயிறு வழுக்கி வந்தது. படகின் அடிவயிற்றில் தண்ணீர் மொத்தும் ஓசையும், பாய்மரத்தில் ஏதோ கொக்கி மோதும் கிண்ணென்ற சத்தமும், அழுகிய பாசி வாடையும் மட்டும் மிஞ்ச, மற்றெல்லாம் அடங்கிக்கொண்டே போவதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். படபடப்பு நின்றிருந்தது. காற்று ஓய்ந்துவிட்டது. இப்போது மெல்லப் பேசினாலே கேட்கும். கயிறு மறுபடியும் சுண்டியது. பேசாமல் ஏன் சுண்டுகிறான்?

“டேய், சரியாயிடுச்சா? வாயத் திறந்து சொல்லேன்.”

இரண்டு முறை சுண்டியது.

“விளையாடாதடா. கை காந்துது.”

மறுபடியும் இரண்டு முறை.

இழுத்தாள். இப்போது கனத்தது. சிக்கலின் கனம் இல்லை அது. ஈரப் போர்வையைப் பிழியும்போது மெல்ல மெல்ல இறுகுமே, அந்தக் கனம். பாயின் கடைசி முழமும் சுருண்டு முன்முனை தெரிந்தது.

யாரும் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் மட்டும் தரையில் இப்படியும் அப்படியும் உருண்டது. தண்ணீரில் யாரும் விழுந்த ஓசை கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் ஓர் அலைவட்டம்கூட இல்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். இடப்பக்கம். வலப்பக்கம். தண்ணீர்.

கையிலிருந்த கயிறு சுண்டியது.

விட்டுவிட்டாள். கயிறு தொய்யவில்லை.

நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். மேலே கைத்தண்டை அளவு. கீழே, ஓர் ஆள் உயரத்துக்கு, தூண் அளவு.

எப்படிப் பிரித்தாள் என்று நினைவில்லை. நகம் பிய்ந்தது. பாய் முழுக்க விரிந்தது. வெள்ளை. உலர்ந்த வெள்ளை. உள்ளே ஒன்றுமில்லை.

தேட வந்தவர்கள் கடலடியைச் சலித்துவிட்டு வெறுங்கையோடு கரையேறினார்கள். படகைக் கரைக்கு ஏற்றிய பிறகு, பாய் தைப்பவர் வந்து பிரித்தும் சுருட்டியும் பார்த்தார்.

“பிரிச்சா பட்டு மாதிரி இருக்கும்மா. சுருட்டினாதான் இந்த இடத்துல புடைக்குது. என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்ல. கழட்டிக் குடுங்க, புதுசு தச்சுடலாம்.”

“வேணாங்க.”

“மழைல மக்கிப் போயிடும்.”

“இருக்கட்டும். தொடாதீங்க.”

பிரித்தால் அவன் அதில் இல்லை. அதனால் அவள் பிரிக்கவிடுவதில்லை. மாலையில் படகில் ஏறி ஒரு ஸ்டூலைப் போட்டு முன்முனைக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள், எழுகிறாள், ஒரு சுற்று நடக்கிறாள், மறுபடியும் உட்காருகிறாள். இலை அசையாத நாளிலும், அவளைவிட ஒரு சாண் உயரத்தில், அவன் நின்றால் வாய் வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பாய்த்துணி உள்ளே ஒட்டுகிறது. உப்புகிறது. உள்ளே ஒட்டுகிறது.